நர்சிங் படிப்பு: ஊசி போடுவதைத் தவிர அதில் என்ன இருக்கிறது, படித்தபின் எங்கெல்லாம் போகலாம்?

கேள்வியின் சுருக்கம் இது. தங்கைக்கு 20 வயது. வேறொரு படிப்பில் சேர்ந்து ஒரு வருடத்தில் விட்டுவிட்டாள். இப்போது நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் "டாக்டர் சொல்கிற ஊசியைப் போடும் வேலைதானே, அதற்கு எதற்கு இத்தனை வருடம்?" என்கிறார்கள். அவளுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும்; கணக்கும் சுமார்தான். எந்தப் படிப்பில் சேர்ப்பது? கடைசிவரை வார்டிலேயே காலம் போய்விடுமா? வெளிநாட்டு வேலை என்கிறார்களே, அது எவ்வளவு நிஜம்?

பத்து வருடத்துக்கு மேல் வார்டில் இருந்துவிட்டு அப்புறம் கற்றுக்கொடுக்கப் போனவள் நான். வீட்டில் சொல்லும் அந்த ஊசியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஊசி போடக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். யாருக்கு இப்போது அந்த ஊசியைப் போடக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் வருடங்கள் ஆகின்றன.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் இருந்த ஒருவர். காய்ச்சல் இல்லை, பிபி சரியாக இருக்கிறது. பல்ஸ் கொஞ்சம் கூடுதல். வலியினால் இருக்கும் என்று விட்டிருந்தார்கள். கேட்டால் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்கிறார். சார்ட்டில் முந்தைய மூன்று ஷிப்டிலும் மூச்சு எண்ணிக்கை 18, 18, 18. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நான் சொல்லிக்கொடுத்தபடியே, அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணினாள். 28 வந்தது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று பயந்து இன்னொரு முறை எண்ணிவிட்டு என்னிடம் வந்தாள். டாக்டரை அழைத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. சரியான நேரத்தில் மருந்து போனது, அவர் நடந்து வீட்டுக்குப் போனார்.

அந்த மூன்று 18-களும் எண்ணாமல் எழுதியவை என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் உடனே தெரியும். உடம்பில் ஏதோ கெட்டுப்போக ஆரம்பிக்கும்போது முதலில் மாறுபவற்றில் மூச்சு ஒன்று. பிபி பல சமயம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டு அப்புறம்தான் சரியும். ஆனால் பிபிக்கு மெஷின் இருக்கிறது, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சை மட்டும் சாதாரண வார்டில் இன்றும் மனிதர்தான் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அதனால் அதையே அதிகம் ஏமாற்றி எழுதுகிறார்கள். பிரிட்டனில் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய 'நியூஸ்' என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 புள்ளி. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் உடனே வந்து பார்க்கச் சொல்லும் புள்ளி அது.

டாக்டர் ஒரு நாளில் ஒரு நோயாளியின் அருகில் இருப்பது சில நிமிடங்கள். மீதி நேரம் முழுக்க பார்வை நர்ஸுடையது. நர்சிங் படிப்பு என்பது அடிப்படையில் இப்படிப் பார்க்கப் பழகுவதும், பார்த்ததை வைத்து முடிவெடுப்பதும்தான். மற்ற எல்லாம் இதற்குத் துணை.

இனி படிப்புக்கு வருவோம். முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து, உளவியல், அடிப்படை நர்சிங். அடுத்தடுத்த வருடங்களில் மருந்தியல், மருத்துவ - அறுவை நர்சிங், குழந்தைகள், மகப்பேறு, மனநலம், சமூக நலம், ஆராய்ச்சி முறை, நிர்வாகம். நாட்டுக்கு நாடு பெயர் மாறும், சாரம் ஒன்றுதான். படிக்க நிறைய இருக்கிறது, ஆனால் புரியாத விஷயம் என்று எதுவும் இல்லை. சேர்ந்த முதல் மாதம் பிள்ளைகள் அழுவது பாடத்துக்காக அல்ல, படுக்கை விரிப்புக்காக.

உண்மையாகவே சொல்கிறேன். "பெட் மேக்கிங்" என்று ஒரு பயிற்சி உண்டு. விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் போடுவது, நோயாளி படுத்திருக்கும்போதே அவரை ஒரு பக்கமாகத் திருப்பி விரிப்பை மாற்றுவது. "இதுக்கா பரீட்சை எழுதி வந்தோம்" என்று ஒவ்வொரு பேட்சிலும் யாராவது கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. படுக்கைப் புண் வந்த ஒருவரின் கட்டுப் பிரிக்கும்போது கூட நிற்க வைப்பேன். அசைய முடியாதவரின் இடுப்பெலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்குகிறது. அந்த இடத்துக்கு ரத்தம் போவதில்லை. சில மணி நேரத்தில் தோல் சிவக்கிறது. அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் காப்பாற்றலாம், அழுத்தியும் வெளுக்காவிட்டால் சேதம் ஆரம்பித்துவிட்டது. கவனிக்காமல் விட்டால் எலும்பு தெரியும் அளவுக்குப் போகும், ஆற மாதக்கணக்கில் ஆகும். கருமையான தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. கையால் தொட்டு, சூடு, கடினம், வலி பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரிப்பு மாற்றும் அந்த மூன்று நிமிடம்தான் நோயாளியின் முதுகை ஒருவர் முழுதாகப் பார்க்கும் நேரம். 1987-ல் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு நர்ஸ்கள் உருவாக்கிய மதிப்பெண் முறையை வைத்துத்தான் இன்றும் உலகின் பல வார்டுகளில் யாருக்குப் படுக்கைப் புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். விரிப்பு மாற்றியவர்கள் செய்த ஆராய்ச்சி அது.

கணக்கு. இதைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் பலர் கேட்பதே இல்லை, வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கடினமான கணக்கு எதுவும் கிடையாது. பெருக்கல், வகுத்தல், விகிதம், அவ்வளவுதான். ஆனால் பத்துக்கு ஒன்பது வாங்கினால் இங்கே பாஸ் இல்லை. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் கொடுக்க வேண்டும் என்றால் 180 மி.கி.; கையில் இருக்கும் சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றால் 7.5 மி.லி. ஒரு லிட்டர் ட்ரிப் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. இந்த இரண்டையும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வந்துவிட்டால் கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். வராவிட்டாலும் மூன்று மாதப் பயிற்சியில் வந்துவிடும். அங்கே பயப்பட வேண்டியது புள்ளிக்குத்தான். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 என்று படிக்கப்படும்; .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். அதனால்தான் முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடாதே, பின்னத்துக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் இருக்காதே என்று முதல் வகுப்பிலேயே மண்டையில் ஏற்றுகிறோம். பத்து மடங்கு இன்சுலின் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ரத்தம் பார்த்தால் தலை சுற்றுவது. இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்கு நரம்பு மண்டலம் இதயத் துடிப்பையும் பிபியையும் திடீரென்று இறக்கிவிடுகிறது, மூளைக்கு ரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. ஆபரேஷன் தியேட்டரில் முதல் நாள் மயங்கி விழுந்தவர்களில் பின்னால் அருமையான தியேட்டர் நர்ஸ் ஆனவர்களும் உண்டு, மருத்துவ மாணவர்களும் உண்டு. சாப்பிடாமல் போகக் கூடாது, முழங்காலை விறைப்பாக வைத்து நிற்கக் கூடாது, கண் இருட்டுவதுபோல வந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும். கால், தொடை, வயிற்றுத் தசைகளைச் சில விநாடிகள் இறுக்கி விடுவதும் பிபியை விழாமல் பிடிக்கும். பெரும்பாலோருக்குப் பார்க்கப் பார்க்கச் சரியாகிவிடும். சரியாகாதவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கும் ரத்தமே பார்க்காத பிரிவுகள் இருக்கின்றன.

ரத்தத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. தப்பு செய்தால் மறைக்கும் குணம். மருந்து மாறிப்போனதை ஐந்து நிமிடத்தில் சொன்னால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். மறுநாள் காலை தெரிந்தால் முடியாது. "தெரியவில்லை, காட்டிக்கொடுங்கள்" என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்களையும், கேட்டால் கத்துகிற சீனியர்களையும் நான் ஒரே அளவுக்கு ஆபத்தானவர்களாகப் பார்க்கிறேன்.

சரி, எந்தப் படிப்பு? பெரும்பாலான நாடுகளில் இரண்டு தட்டு இருக்கிறது. ஒன்று, பதிவு பெற்ற நர்ஸ்: சுயமாக மதிப்பிட்டு, திட்டமிட்டு, முடிவுக்குப் பொறுப்பேற்பவர். மற்றது, அவருக்குக் கீழே வேலை செய்யும் துணை நர்ஸ் அல்லது உதவியாளர். துணைப் படிப்புகள் ஒன்று, ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடியும். சீக்கிரம் சம்பாதிக்கலாம், கேவலமான வேலை எதுவும் இல்லை. ஆனால் பின்னால் மேலே ஏற மறுபடி படிக்க வேண்டும். பதிவு பெற்ற நர்ஸ் ஆவதற்கு டிப்ளமோ வழியும் பட்டப்படிப்பு வழியும் பல நாடுகளில் அருகருகே இருக்கின்றன. அமெரிக்காவில் இரண்டு வருட அசோசியேட் பட்டமும் நான்கு வருட பிஎஸ்சியும் ஒரே பதிவுத் தேர்வில்தான் போய் முடிகின்றன. இந்தியாவில் மூன்று வருட ஜிஎன்எம் டிப்ளமோ, நான்கு வருட பிஎஸ்சி இரண்டுக்கும் பதிவு உண்டு. பிரிட்டனில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பட்டப்படிப்பு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் குறைந்தது மூன்று வருடம், 4,600 மணி நேரம் என்கிறது. அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும்.

பணமும் நேரமும் இருந்தால் பட்டப்படிப்பு என்பேன். படித்தவர் உசத்தி என்பதற்காக இல்லை. மேற்படிப்பு, ஆசிரியர் வேலை, வெளிநாட்டுப் பதிவு எல்லாவற்றிலும் பிற்பாடு கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான் என்பதற்காக. முடியாவிட்டால் டிப்ளமோ முடித்து வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்கும் வழி பல இடங்களில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த மிகச் சிறந்த இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான்.

ஆனால் படிப்பின் பெயரைவிட எங்கே படிக்கிறாள் என்பது முக்கியம். நான் ஒரு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போயிருந்தேன். பளபளவென்று கட்டடம், வரிசையாகப் பொம்மைகள், ஊசி போட ரப்பர் கைகள். மருத்துவமனைப் போஸ்டிங்கைப் பார்த்தால், ஒரே படுக்கையைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவிகள். பின்வரிசையில் நின்றவள் அந்த நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். கடைசி வருட மாணவி ஒருத்தியிடம் இதுவரை எத்தனை பேருக்குக் கேனுலா, அதாவது ட்ரிப் ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய், போட்டாய் என்று கேட்டேன். "பொம்மைக்கா, மேடம்?" என்றாள்.

அதனால் சேருமுன் நேரில் போய்க் கேளுங்கள். அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று கல்லூரிப் பலகையை நம்பாமல் கவுன்சில் பட்டியலில் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது, பதிவு இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழை வைத்து நர்ஸாக வேலை பார்க்க முடியாது; நியூசிலாந்து 1901-ல் உலகின் முதல் நர்ஸ் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்ததிலிருந்து பெரும்பாலான நாடுகள் போன வழி இதுதான். அடுத்தது, பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கை, ஒரு வார்டுக்கு ஒரே நேரத்தில் எத்தனை மாணவிகள் போவார்கள், கூட யார் நிற்பார்கள்? மனநலம், மகப்பேறு, சமூக நலப் போஸ்டிங் எங்கே? இதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். கடைசி வருட மாணவிகள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுவது இந்த எல்லாக் கேள்விகளையும்விட மேல்.

படித்து முடித்தபின் முதல் இரண்டு வருடம் பொதுவான மருத்துவ வார்டிலோ அறுவை வார்டிலோ இருக்கட்டும். நேராக ஐசியூவுக்குப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை, சில இடங்களில் எடுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள், நல்ல பயிற்சி கொடுத்தால் தப்பில்லை. ஆனால் பொது வார்டில்தான் பத்துவிதமான நோய், பத்துவிதமான மனிதர்கள், ஒரே நேரத்தில் நான்கு பேர் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போவது என்ற அறிவு, எல்லாம் வரும். முதல் ஆறு மாதம் கொடுமையாக இருக்கும். கற்ற முறைக்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்துத் திகைப்பு வரும், அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்து வீட்டுக்கு வந்தபின் "ஆறாம் படுக்கைக்கு மருந்து கொடுத்தேனா?" என்று பாதி ராத்திரியில் எழுந்து உட்காருவாள். எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த மாதங்களில் அவள் கற்க வேண்டிய ஒரு கலை, ராத்திரி மூன்று மணிக்கு டாக்டருக்குப் போன் செய்வது. "டாக்டர், 14-ம் படுக்கை நோயாளி சரியில்லை, கொஞ்சம் வர முடியுமா" என்றால் தூக்கக் கலக்கத்தில் "காலையில் பார்க்கிறேன்" என்பார். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைக்கு வந்த ஒரு முறை இருக்கிறது. எங்கள் வகுப்பில் 'எஸ்பார்' என்போம். இப்போது என்ன நடக்கிறது, அவர் யார், எதற்காக இருக்கிறார், நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும் என்று அந்த வரிசையில் சொல்வது. "14-ம் படுக்கை, நேற்று குடல் அறுவை ஆனவர். ஒரு மணி நேரமாக மூச்சு 28, பல்ஸ் 118, ஆக்சிஜன் 91. ரத்தக்கட்டியாக இருக்குமோ என்று பயப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." இதைக் கேட்டுவிட்டு யாரும் திரும்பிப் படுக்க மாட்டார்கள்.

வார்டிலேயே காலம் போய்விடுமா என்று கேட்டீர்கள். வார்டில் போவது தப்பில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, மற்றதைச் சொல்கிறேன். பதட்டத்திலும் கை நடுங்காதவர்களுக்கு அவசர சிகிச்சைப் பிரிவு. ஒரே நோயாளியை நுணுக்கமாக, எண்ணிக்கை எண்ணிக்கையாகப் பார்க்கப் பிடிப்பவர்களுக்கு ஐசியூ. எல்லாம் ஒழுங்காக, வரிசையாக இருக்க வேண்டும் என்பவர்களுக்குத் தியேட்டர்: கத்தி வைக்குமுன் பஞ்சும் கருவியும் எண்ணி, வயிற்றை மூடுமுன் மறுபடி எண்ணி, ஒன்று குறைந்தாலும் சர்ஜனை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அங்கே நர்ஸிடம் இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவு ஒரு தனி உலகம். பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம், அதே மனிதர்கள் வருடக்கணக்கில் வருவார்கள். அவர்கள் வீட்டு விசேஷம் முதல் சண்டை வரை நமக்குத் தெரிந்திருக்கும். இன்னொரு நன்மை, பல இடங்களில் நைட் டியூட்டி குறைவு.

ரத்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் மனநல நர்சிங். அங்கே கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பேச்சும் பொறுமையும்தான். என் பார்வையில் எல்லாவற்றிலும் கடினமானது அதுவே. மரணத்தின் அருகில் இருப்பவர்களின் வலியைத் தணிக்கும் பிரிவைப் பலர் பயந்து ஒதுக்குகிறார்கள். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கி அந்தத் துறையையே நவீனமாக்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாகத்தான் பயிற்சி பெற்றார், டாக்டர் ஆனது அப்புறம். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் வேலை துப்பறிவதுபோல: ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு ஒரே கிருமி வந்தால் எந்தக் கை, எந்தக் குழாய், எந்தத் தொட்டி என்று தேடிப்போக வேண்டும். பிளாரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய பெண்மணியாக மட்டும் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. போரில் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோயில்தான் அதிகம் பேர் செத்தார்கள் என்று எண்ணிக்கையைப் படமாக வரைந்து காட்டி அரசாங்கத்தை அசைத்தவர் அவர். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளி அதற்கப்புறம் வந்தது.

மேற்படிப்பு படித்தால் சில நாடுகளில் வேலையின் தன்மையே மாறும். 1965-ல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்தவர்கள்தான் நர்ஸ் பிராக்டிஷனர்கள். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உரிமை அவர்களுக்கு உண்டு, எவ்வளவு சுதந்திரமாக என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்களும் அங்கே உண்டு, அதற்கு முனைவர் நிலைப் படிப்பு தேவை. மகப்பேறு பல நாடுகளில் தனித் தொழில், தனிப் பதிவு. இவை தவிர கற்பித்தல், மருந்து ஆராய்ச்சி ஒருங்கிணைப்பு, பள்ளி, தொழிற்சாலை, காப்பீடு, மருத்துவமனைக் கணினி அமைப்பு என்று கிளைகள் நீள்கின்றன. எல்லாவற்றிலும் எடுபடுபவர் வார்டில் இருந்துவிட்டு வந்தவர்தான்.

வெளிநாடு. தேவை இருப்பது நிஜம். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2023-ல் உலகில் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள். இன்னும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை. நர்ஸ்களில் ஏழு பேருக்கு ஒருவர் வேறு நாட்டில் பிறந்து வந்து வேலை செய்கிறவர். ஆனால் ஒரு நாட்டுப் பதிவு பொதுவாக இன்னொரு நாட்டில் அப்படியே செல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். அமெரிக்காவுக்கு 'என்சிலெக்ஸ்' தேர்வு: நாம் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும் கணினித் தேர்வு, குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரலிலிருந்து ஒரே நோயாளியின் கதையைத் தொடர்ந்து சொல்லி, அடுத்து என்ன செய்வாய் என்று கேட்கும் வகைக் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. மனப்பாடம் அங்கே உதவாது. பிரிட்டனுக்குக் கணினித் தேர்வு ஒன்று, அப்புறம் நேரில் பத்து நிலையங்களில் செய்து காட்டும் 'ஆஸ்கி'. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற பொதுவான மொழித் தேர்வு அல்லது மருத்துவத் துறைக்கென்றே இருக்கும் ஓஇடி. ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழி; அதற்குத் தனியாக ஒரு வருடமாவது ஒதுக்குங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள். பிரிட்டனின் ஆளெடுப்பு நெறிமுறைப்படி வேலைக்கு வருபவரிடம் ஏஜெண்ட் கட்டணம் வாங்கவே கூடாது. ஒப்பந்தத்தில் பாதியில் விட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். இரண்டாவது, காகிதம். கல்லூரியை விட்டு வருமுன் மதிப்பெண் பட்டியலோடு, பாடத்துக்குப் பாடம் எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை மணி நேரப் பயிற்சி என்ற விவரத்தையும் முத்திரையோடு வாங்கி வைக்கட்டும். என் மாணவி ஒருத்தி எட்டு வருடம் கழித்து அந்த ஒரு தாளுக்காக நாலு மாதம் அலைந்தாள். கல்லூரி முதல்வர் மாறி, பழைய ரிஜிஸ்டர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். நைட் டியூட்டி உடம்பைத் தேய்க்கும். முதுகுவலி எங்கள் தொழில் நோய். தூக்கும் முறையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். படிப்பில் சேர்ந்ததுமே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடும் பழக்கம் வரவே கூடாது. சம்பளம் இடத்துக்கு இடம் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம், அதைப் பொதுவாகச் சொல்ல முடியாது. நேர்முகத்தேர்வில் எல்லாரும் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: "நைட் ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்?" 2002-ல் லிண்டா எய்கன் குழுவினர் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் விவரங்களை வைத்துப் பார்த்ததில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடக் கூட, அறுவை முடிந்தவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. கலிபோர்னியாவில் 2004 முதல் இந்த எண்ணிக்கைக்குச் சட்டமே இருக்கிறது: ஐசியூவில் ஒரு நர்ஸிடம் இரண்டு நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத மருத்துவமனையில் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் இரண்டு வருடத்தில் அவள் தேய்ந்துபோவாள்.

வயது ஒரு பிரச்சினையே இல்லை. 20 வயது சின்ன வயதுதான். என் வகுப்பில் 34 வயதில் இரண்டு குழந்தைகளோடு வந்து சேர்ந்த ஒருவர் இருந்தார். நோயாளியின் வீட்டாரிடம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அப்புறம், சேர்ந்துவிட்டால் பரிசாக ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். கையில் கட்டுவது வேண்டாம். பல மருத்துவமனைகளில் முழங்கைக்குக் கீழே எதுவும் அணிய விடமாட்டார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும், தலைகீழாகத் தொங்கும் வகை. விநாடி முள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.